மதகுப் பாலத்தில் மங்கிய ஹெட்லைட்

அந்த வாரம் முழுக்க எங்கள் காரின் ஹெட்லைட் மங்கலாகத்தான் எரிந்தது. முத்துப்பேட்டையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு மன்னார்குடிக்குத் திரும்பும்போதுதான் முதலில் கவனித்தேன். எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. வழக்கமாக வண்டி தூரத்தில் வரும்போதே மாடுகளின் கண்கள் பளிச்சென்று தெரிந்துவிடும். அன்று வைக்கோல் என் பக்கத்துக் கதவை உரசிக்கொண்டு போன பிறகுதான், கடந்துபோனது வண்டி என்றே எனக்கு உறைத்தது.

அந்தக் காரை நானும் மச்சானும் கூட்டாக வாங்கியிருந்தோம். மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் கைக்கு வரும்போதே அது பழைய கார். நாங்கள் அதை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதி நாள் அவர், பாதி நாள் நான். கல்யாண மாதம் வருகிறதே என்று மச்சான் காரின் முன்பக்கத்துக்கு மட்டும் அப்போதுதான் கறுப்பு பெயிண்ட் அடிக்க வைத்திருந்தார். பின்பக்கம் வெளுத்துக் கிடந்தாலும் மாப்பிள்ளை ஊர்வலத்தில் போட்டோ எடுப்பது முன்னால் இருந்துதானே என்பது அவர் கணக்கு.

வெளிச்சம் குறைந்தது என்றதும் பல்பைச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் மாற்றினேன். அதே மங்கல். கண்ணாடிக்குள் தூசு படிந்திருக்கும் என்று கழற்றித் துடைத்தேன். பிறகு பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் சோதித்துப் பார்த்து, "நல்லா சார்ஜ் ஏறியிருக்கு பாய், இதுல ஒண்ணும் குத்தமில்ல" என்று சொல்லிவிட்டார்.

மச்சானிடம் சொன்னதற்கு அவர் சிரித்தார். "பல்ப்ல கோளாறு இல்ல, பேட்டரில கோளாறு இல்ல. அப்ப உன் கண்ணுலதான் கோளாறு. போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போடு."

தஞ்சாவூரில் காருக்கு ஒயரிங் வேலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை அவரிடம் கொண்டுபோவது, அதுவரை பொழுது சாய்ந்த பிறகு சவாரி எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்போது சம்பா அறுப்பு. கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம், நில உச்சவரம்புக்குச் சட்டம், அறுப்புக் கூலிக்குச் சட்டம் என்று வந்திருந்தன. காகிதத்தில் இருந்த கூலி களத்துமேட்டில் கிடைக்கவில்லை. அறுத்த நெல்லில் கலத்துக்கு எத்தனை படி கூலி என்று ஆரம்பிக்கும் பேச்சு சில ஊர்களில் கைகலப்பில் முடிந்தது. உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றால், நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மிராசுதார்கள் ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதோடு ஊர் இரண்டாகிவிடும்.

வாடகைக் காருக்குக் கட்சி கிடையாது. காலையில் ஒரு மிராசுதாரை ஏற்றினால் சாயங்காலம் விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரரை ஏற்றுவேன். இருவரும் ஏறி உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "இதுக்கு முன்னாடி யாரை ஏத்திக்கிட்டுப் போனீங்க?" நான் ஏதோ கல்யாண வீட்டுச் சவாரி என்று சொல்லிவிடுவேன்.

வியாழக்கிழமை பிற்பகல் அந்த அம்மா ஸ்டாண்டுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவருடைய அண்ணன் தெற்கே ஒரு ஊரில் பெரிய மிராசு. நெஞ்சு வலி என்று ஆள் வந்து சொல்லியிருக்கிறது. அந்த ஊருக்குப் போகிற பஸ் தகராறு காரணமாக நாலைந்து நாட்களாக ஓடவில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு டிரைவர்களும் ஊர்ப் பேரைக் கேட்டதும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீயாவது வருவியா தம்பி? பொறந்தவனை ஒரு தடவை பாத்துடணும்" என்றார்.

வெயில் இன்னும் நன்றாக இருந்தது. போய் இறக்கிவிட்டு வெளிச்சத்தோடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "ஏறுங்கம்மா" என்றேன்.

பாதி வழியில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சக்கரம் இறங்கி, ரோட்டை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, லாரியைத் தூக்கி நிறுத்தி, எங்களுக்கு வழி விடும்போது சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்விட்டது. நான் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அந்த அம்மா பின் சீட்டிலிருந்து, "இன்னும் கொஞ்ச தூரம்தானே தம்பி" என்றார். நான் வண்டியை எடுத்தேன்.

தார் ரோட்டை விட்டு வாய்க்கால் கரையில் இறங்கினோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அறுக்காமல் நிற்கிற கதிர். கதிர் முற்றித் தலை கவிழ்ந்து கிடந்தது. ஒரு ஆள் இல்லை. இருட்டு மளமளவென்று இறங்கியது. ஹெட்லைட்டைப் போட்டேன்.

சிறிது நேரம் கழித்து அந்த அம்மா கேட்டார். "ஏன் தம்பி, லைட்டு போட்டிருக்கியா இல்லியா?"

"போட்டிருக்கேங்கம்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

எனக்கும் தெரியவில்லை. காருக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மஞ்சள் படிந்திருந்தது. அதற்கு அப்பால் கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை ஊகித்துத்தான் ஓட்டினேன். தலையை வெளியே நீட்டி, மாட்டு நடை வேகத்தில் காரை உருட்டினேன்.

ஊருக்கு முன்னால் வாய்க்காலின் மேல் மதகோடு சேர்ந்த ஒரு சிறிய பாலம் உண்டு. அதன் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றதும் இருட்டிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். கரைச் சரிவிலிருந்து சிலர், பாலத்துக் கட்டையிலிருந்து சிலர். எல்லார் கையிலும் தடி இருந்தது. அறுப்பு அரிவாளை இடுப்பில் செருகியவர்களும் இருந்தார்கள்.

மூணு பேட்டரிக் கட்டை போடுகிற பெரிய டார்ச் ஒன்று என் முகத்தில் அடித்தது. "எறங்கு."

இறங்கினேன். டார்ச் பிடித்திருந்தவர் மெலிந்த மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவர்தான் அந்த ஊர்ச் சங்கத் தலைவர் என்பது மற்றவர்கள் அவர் பேசக் காத்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"லைட்டை அணைச்சுட்டுப் பதுங்கிப் பதுங்கி எங்க வர்றீங்க பாய்?"

"அணைக்கலீங்க. லைட்டு கோளாறு. எரியுது பாருங்க."

அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் முன்னால் வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "போன அமாவாசைக்கு வந்த காரும் லைட்டு இல்லாமத்தான் வந்துச்சு. வந்தவனுங்க வைக்கப்போரைக் கொளுத்திட்டு, எங்க அண்ணன் காலை ஒடிச்சுப்புட்டுப் போனானுங்க. இவனும் அந்தக் கூட்டந்தான். வண்டியோட வாய்க்கால்ல தள்ளுங்கடா!"

அந்தச் சம்பவத்தை ஸ்டாண்டில் பேசிக் கேட்டிருந்தேன். நெல் வயலுக்கு நடுவில், விளக்கு மங்கிய கறுப்புக் கார் ஒன்று நத்தை மாதிரி ஊர்ந்து வருவதை இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குள் இரண்டு பேர் டிக்கியைத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற இரும்பு ஹேண்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினார்கள். "இது எதுக்கு வச்சிருக்கான் பாருங்க!"

"அது வண்டிச் சாமானுங்க. செல்ப் எடுக்கலன்னா சுத்துறதுக்கு" என்றேன். காலொடிந்தவரின் தம்பி அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

பின் கதவு திறந்தது. அந்த அம்மா இறங்கிவிட்டார். இறங்காமல் இருந்திருக்கலாம். டார்ச் அவர் பக்கம் திரும்பியதும் வயதான ஒருவர், "அட, மிராசு தங்கச்சி" என்று முணுமுணுத்தார். கூட்டம் அப்படியே நெருங்கி வந்தது.

அவர் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "டேய், யாரு மவன்டா நீ? எங்கண்ணனுக்கு ஒடம்பு முடியலன்னு பதறிக்கிட்டு வர்றேன். மூங்கிலை எடுடா."

சங்கத் தலைவர் டார்ச்சைத் தாழ்த்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "யாரு மவன்னு அப்பறம் சொல்றேன். மொதல்ல மரியாதையாப் பேசுங்க. வாடா போடாங்குற காலமெல்லாம் போயாச்சு."

"உன்னைச் சின்னப் புள்ளையில தூக்கி வச்சிருப்பேன்டா நான்."

"தூக்கி வச்சிருக்க மாட்டீங்க. தொட்டிருக்கவே மாட்டீங்க."

இன்னொரு வார்த்தை இரண்டு பக்கத்தில் எங்கிருந்து வந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணே, நான் மன்னார்குடி ஸ்டாண்டு வண்டி. லைட்டு கோளாறுன்னு சொன்னது பொய்யா நிஜமான்னு இப்பவே பாத்துடுங்க. நீங்களே டார்ச் அடிங்க. உங்க கண்ணு முன்னாடி எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கிறேன். முடியலன்னா அப்பறம் உங்க இஷ்டம்."

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு வாரமாகக் கண்டுபிடிக்க முடியாததைத்தான் அங்கே கண்டுபிடிப்பதாகச் சொன்னேன்.

சங்கத் தலைவர் குனிந்து பல்பைப் பார்த்தார். அது பீடி நெருப்பு மாதிரி சிவந்து கிடந்தது. "இதை வச்சுக்கிட்டு எவனாவது ராத்திரியில வண்டி ஓட்டுவானா?" என்றார். நியாயமான கேள்வி. "சரி, பாருங்க" என்று டார்ச்சை பானெட் பக்கம் திருப்பினார்.

பானெட்டைத் தூக்கினேன். ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் நின்று யோசித்தேன். ஹாரனை அழுத்திப் பார்த்தேன். வயல் முழுக்க எதிரொலித்தது. இன்ஜினை அணைத்து மறுபடி செல்ப் அடித்தேன். ஒரே சுற்றில் பிடித்தது. அப்படியானால் பேட்டரிக் கடைக்காரர் சொன்னது சரி. பேட்டரியில் பலம் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பார்த்தேன். வெளிச்சம் கூடவில்லை. இரண்டு விளக்கும் ஒரே அளவுக்கு மங்கியிருந்தன. பல்பு புதிது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் மின்சாரம் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

பழைய கார்களில் விளக்குக்குப் போகிற மின்சாரத்துக்குத்தான் ஒயர் உண்டு. விளக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாக. அதை நாங்கள் எர்த் என்போம். இரண்டு ஹெட்லைட்டின் எர்த் ஒயரும் ரேடியேட்டருக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரே ஸ்க்ரூவில் முறுக்கியிருக்கும். இத்தனை நாளாக நான் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற வழியைப் பார்க்கவே இல்லை.

"இங்க கொஞ்சம் டார்ச் அடிங்கண்ணே."

வெளிச்சம் அந்த ஸ்க்ரூவில் விழுந்தது. அதைச் சுற்றித் தகடு முழுக்கப் புதுக் கறுப்பு பெயிண்ட் பளபளத்தது. மச்சானின் மாப்பிள்ளை ஊர்வல பெயிண்ட். அடித்தவர் ஒயரைக் கழற்றிவிட்டுத் தகட்டுக்கு வண்ணம் அடித்து, அதன் மேலேயே ஒயரைத் திரும்ப முறுக்கியிருக்கிறார். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. விரல் வைத்தேன். சுட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டேன். எரிகிற விளக்கு மங்கல், எரியாத ஸ்க்ரூ கொதிக்கிறது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. ஆனால் அவர்களுக்குக் காட்ட வேண்டுமே.

சீட்டுக்கு அடியில் கிடந்த ஒயர்த் துண்டின் இரண்டு முனையையும் பல்லால் கடித்து உரித்தேன். ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் பக்கம் சுற்றினேன். மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் ஒயர் சேருகிற இடத்தில் தொட்டேன்.

பொறி தெறித்தது. அதே நொடியில் பாலம், மூங்கில், அதற்கு அப்பால் நீண்ட கரை எல்லாம் வெள்ளையாகப் பிறந்து வந்தன. "ஆ!" என்று யாரோ கத்தினார்கள். என் கை விலகியது. மறுபடி இருட்டு.

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. பாலத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஆளு! அந்தப் பக்கம் ஆளுங்க வர்றானுங்க!"

"எத்தனை பேரு?"

"நெறைய பேரு. கையில அறுவா இருக்கு!"

தடிகள் எழுந்தன. காலொடிந்தவரின் தம்பி ஹேண்டிலோடு மூங்கிலைத் தாண்டிக் குதித்தார். "முன்னாடி காரை அனுப்பி நம்மள இங்க நிறுத்திட்டு, பின்னாடி வர்றானுங்க! அப்பவே சொன்னேன்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சங்கத் தலைவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "லைட்டைப் போடுங்க பாய்! டார்ச்சு அவ்வளவு தூரம் எட்டாது. இருட்டுல யாரு என்னன்னு தெரியாம வெட்டிக்கிட்டுச் சாவானுங்க. போடுங்க!"

ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றால் அது நழுவும். ஸ்க்ரூவைத்தான் சரி செய்ய வேண்டும். வெறுங்கையால் திருகினேன். தோல் பொசுங்கியது. சட்டை நுனியைச் சுற்றித் திருகிக் கழற்றினேன். "சுரண்ட ஏதாவது குடுங்க" என்றேன். யாரோ இடுப்பிலிருந்து அறுப்பு அரிவாளை உருவி நீட்டினார். அதன் பல்லால் தகட்டை ராவினேன். கறுப்பு உதிர்ந்து, அதன் அடியில் துரு உதிர்ந்து, வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. ஒயரின் வளையத்தையும் ராவினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை அழுத மாதிரி இருந்தது. அதை எங்கள் பக்கத்தில் வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வளையத்தை வைத்து ஸ்க்ரூவை முறுக்கினேன்.

வெளிச்சம் பாய்ந்தது.

பாலத்துக்கு அப்பால் கரையில் ஒரு வரிசை மனிதர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். தலையில் மூட்டை, பானை, சுருட்டிய பாய். பாதிப் பேர் பெண்கள். எல்லார் இடுப்பிலும் அறுப்பு அரிவாள். முன்னால் நின்ற ஆளுக்கும் ஹேண்டில் பிடித்தவருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. ஓங்கிய கையை அவர் நிறுத்தவில்லை. ஹேண்டிலை வீசிவிட்டார். அது முன்னால் நின்றவரின் முழங்காலில் பட்டுத் துள்ளி வாய்க்காலில் விழுந்தது. அந்த ஆள் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார். பின்னால் பெண்கள் கூச்சலிட்டார்கள். ஒருவர் அரிவாளை உருவினார். இங்கிருந்து தடிகள் ஓடின.

நான் காருக்குள் பாய்ந்து ஹாரனை அழுத்தினேன். அழுத்திய கையை எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் எல்லாரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். அந்த ஒரு கணத்தில் சங்கத் தலைவர் ஓடிப்போய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கையை விரித்து நின்றுவிட்டார். வெளிச்சத்தில் அவர் நிழல் கரை முழுக்க நீண்டு கிடந்தது.

"அடிக்காதீங்கய்யா! நாங்க ஊருக்குப் போறோம்" என்று ஒரு பெண் அழுதுகொண்டே கத்தினாள். இடுப்பில் குழந்தை இருந்தது. "எங்க ஊருக்குத் திரும்பிப் போறோம்யா, விட்டுடுங்க."

ஹாரனை விட்டேன்.

அவர்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மிராசுதாருக்கு அறுக்க லாரியில் வந்து இறங்கிய ஆட்கள். இங்கே கூலித் தகராறு என்று ஒருவரும் சொல்லவில்லையாம். மூன்று நாட்களாகக் களத்துமேட்டை விட்டு நகர முடியாமல் இருந்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் மிராசுதாருக்கு வலி அதிகமாகி, பண்ணையைக் கவனிக்கிற காரியக்காரர் அவரை வேறொரு சுற்று வழியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோய்விட்டார். இவர்களுக்குச் சோறு போடவும் காவல் இருக்கவும் ஆளில்லை. பயந்துபோய், இருட்டியதும் நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

அந்த அம்மா பாலத்துக்கு வந்துவிட்டிருந்தார். "எங்கண்ணன் போகும்போது பேசினாரா?" என்று கேட்டார்.

"பேசலீங்க. கையை மட்டும் ஆட்டினாரு" என்றாள் அந்தப் பெண்.

அவர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். வந்த வழியெல்லாம் வீண். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தவரைப் பார்த்தார். சங்கத் தலைவரிடம் திரும்பி, "அந்த ஆளுக்குக் காலு வீங்குது பாருங்க. நடக்க முடியாது. கார்ல ஏத்துங்க" என்றார். அவர் 'பாருங்க' என்றதை நான் கவனித்தேன். சொன்னவர் கவனித்தாரோ என்னவோ.

சங்கத் தலைவர் தலையாட்டினார். பிறகு அந்த வரிசையைப் பார்த்துச் சொன்னார். "போகலாம். யாரும் கை வைக்க மாட்டாங்க. அறுவாளையெல்லாம் இங்க போட்டுட்டுப் போங்க."

"அறுவா இல்லாம நாங்க என்னய்யா செய்வோம்?" என்றார் வரிசையில் ஒருவர்.

"அடுத்த ஊர்ல எறங்கி அறுக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

குழந்தை வைத்திருந்த பெண், "அறுக்காம என்னத்தைத் திங்கிறது?" என்றாள்.

சங்கத் தலைவர் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக் காட்டினார். ஒவ்வொருவராக வந்து பாலத்துக் கல்லில் அரிவாளைப் போட்டார்கள். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. காலொடிந்தவரின் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. நான் காரின் பக்கத்தில் பொசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே என் பேச்சுக்கு என்ன மதிப்பு?

மூங்கிலை அவிழ்த்து, அக்கரைத் திடலில் காரைத் திருப்பினேன். முன் சீட்டில் அடிபட்டவர், பின்னால் அந்த அம்மாவும் குழந்தையோடு அந்தப் பெண்ணும். மற்றவர்கள் காருக்கு முன்னால் வெளிச்சத்தில் நடந்தார்கள். வழியில் வேறு ஊர்க் காவல் மறித்தால் சொல்வதற்காகச் சங்கத் தலைவரே எல்லாருக்கும் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் சிலர் தடியோடு எழுந்தார்கள். அவர் கையைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டார்கள். தார் ரோடு வருகிறவரை குழந்தை அந்த அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.

தார் ரோட்டில் ஒரு காலி லாரியை நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டார் சங்கத் தலைவர். அடிபட்டவரையும் அதில்தான் தூக்கி வைத்தார்கள். தன்னோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அந்த அம்மா கேட்டுப் பார்த்தார். அந்த ஆள், "எங்க ஆளுங்களோடயே போயிடுறேம்மா" என்று ஒரே பிடியாக இருந்தார். சங்கத் தலைவர் என் பக்கத்துக் கதவருகே வந்து, "பாத்துப் போங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த ஊரில் கூலிப் பேச்சு தாசில்தார் முன்னிலையில் முடியப் பல நாட்கள் ஆயின. அதற்குள் பாதி நெல் வயலிலேயே உதிர்ந்துவிட்டது என்றார்கள். அந்த அம்மாவின் அண்ணன் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஊர்ப் பக்கம் அதிகம் வரவில்லை. நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றிவிட்டார். சங்கத் தலைவரைப் பிறகு பல தடவை ஏற்றிச் சென்றிருக்கிறேன். நன்றாகப் பேசுவார். அந்த அரிவாள்களை என்ன செய்தீர்கள் என்று கேட்க ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கேட்டதில்லை.

அன்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியபோது அந்த அம்மா கதவைச் சாத்தக்கூட நிற்காமல் உள்ளே ஓடினார். நான் இன்ஜினை அணைத்தேன். விளக்கை அணைத்தேன். தனியாக இருட்டில் உட்கார முடியவில்லை. ஸ்விட்சைப் போட்டேன். எதிர்ச் சுவர் முழுக்க வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. அணைத்தேன். திரும்பவும் போட்டேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ, உள்ளேயிருந்து வாட்ச்மேன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், லைட்டை அணைய்யா! உள்ள நோயாளிங்க தூங்குறாங்க!"

"மன்னிச்சுக்குங்க" என்று அணைத்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, குரலைத் தாழ்த்தி, "மூலையில டீக்கடை தொறந்திருக்கு. போய்க் குடிச்சுட்டு வாங்க, வண்டியை நான் பாத்துக்குறேன்" என்றார்.